இளவரசர் அறுத்துப் போட்ட காப்பு

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். பங்களாவில் விருந்தினர் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு இது ஆகாத குணம். குளியலறை ஓட்டையில் சிக்கிய முடி, பாதி கடித்துத் தலையணைக்கடியில் திணித்த கேக்கு, வெள்ளைத் துண்டில் துடைத்த செருப்புச் சேறு, எல்லாவற்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து செடிப்பக்கம் காறித் துப்புவேன். அதெல்லாம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினால் போய்விடும். கழுவியும் போகாத ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் எஸ்டேட் சேலத்துக்கு மேலே மலையில், நாகலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. காபியும் மிளகும்தான். என் தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது இதே எஸ்டேட்டின் லைன் வீட்டில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளில் ஒன்றில். சேலத்தில் கல்லூரி முடித்து, நாலு இடத்தில் வேலை பார்த்து, கடைசியில் பிறந்த இடத்துக்கே திரும்பி வந்தேன். அதற்குள் பழைய முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தார். அவரை நாங்கள் சின்ன முதலாளி என்போம். நான் பங்களாவின் பின்கட்டில் இருக்கிறேன். செத்துப்போன என் அண்ணனின் மனைவி, என் அண்ணி, கீழே லைனில் கடைசி வீட்டில் இருக்கிறாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். எப்படி இருக்கிறாள் என்பதுதான் கதை.

ஒருநாள் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். ஐரோப்பாவிலிருந்து ஓர் இளவரசர் வரப்போகிறாராம். தாள் முழுக்க அவருடைய பட்டங்கள். அதைத் தமிழில் எழுதி, அவர் வரும் நாளில் நான் மைக்கில் வாசிக்க வேண்டும்.

உட்கார்ந்து எழுதினேன். மேன்மை தங்கிய அரச குலத்து உயர்பெருமகனார். இன்ன நாட்டின் இளவரசர். இன்ன மலைநாட்டின் கோமகன். இன்ன ஆற்றின் இரு கரைகளுக்கும் பிரபு. உப்பளங்களின் காவலர். ஒரு மாதா கோயிலின் பரம்பரைப் புரவலர். குதிரை வீரர் சபை ஒன்றின் தலைவர். எந்த நாடு, எந்த ஆறு என்று நான் எழுதப்போவதில்லை. பாதி என் வாயில் நுழையாது. மீதியை எழுதக் கை கூசுகிறது. அவருடைய செயலாளர் அம்மா தொலைபேசியில் பேசியபோது, இதில் எந்த ஊரையாவது அவர் இப்போது ஆள்கிறாரா என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: அங்கே குடியரசு வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. இளவரசரின் முப்பாட்டனை அந்த நாட்டுச் சனங்கள் எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். நெடுங்காலம் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் எல்லையைத் தாண்டி உள்ளே கால்வைக்கக் கூடாதென்று சட்டமே இருந்தது. இளவரசர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் வேறு நாட்டில், அடுக்குமாடி வீட்டில். பட்டங்களுக்குச் சட்டப்படி மதிப்பு இல்லை. மரியாதைக்காக எல்லோரும் சொல்கிறார்கள்.

"அப்புறம் பிழைப்புக்கு என்ன செய்கிறார்?" என்று கேட்டேன். கைக்கடிகாரத்துக்கும் வாசனைத் தைலத்துக்கும் சாக்லேட்டுக்கும் தன் பெயரைத் தருகிறாராம். இப்போது எங்கள் காபிக்கும் தரப்போகிறார். அதற்குத்தான் இந்த வருகை. பேரு பெத்த பேரு, தாக நீலு லேது, பேர் பெரிசு, குடிக்கத் தண்ணியில்லை என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. இவர் அந்தப் பேரையும் வாடகைக்கு விட்டு வயிறு வளர்க்கிறவர். அடக் கருமமே என்று தாளை மடித்து வைத்தேன்.

அவருக்காகப் பங்களாவில் நடந்த அலங்கோலத்தைக் கேளுங்கள். நல்லாயிருந்த கம்மோடைப் பிடுங்கிவிட்டு, உட்காரும் இடம் தானாகச் சூடாகிற ஒன்றைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். கீழே லைனில் கக்கூசுக்குக் கதவு இல்லை, சாக்குப்படுதாதான். கதவு போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பெண்கள் அலுத்துவிட்டார்கள். அந்தப் படுதா பங்களா வராந்தாவிலிருந்து தெரிகிறது என்று, இளவரசர் வரும் வாரம் அதையும் அவிழ்க்கச் சொன்னார்கள். துணி காயப்போடும் கொடியையும் அவிழ்க்கச் சொன்னார்கள். ஒரு மனிதனின் கண் குளிர்வதற்காகப் பெண்கள் ஒதுங்க மறைவில்லாமல் போனது.

இது போதாதென்று சின்ன முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. அதைச் சொல்வதற்குமுன் எங்கள் முனியப்பன் கோயில் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பலா மரத்தடியில் ஒரு கல், ஒரு வேல், மேலே தகரம். காபிப் பழம் எடுத்து முடிந்ததும் எட்டு நாள் நோம்பி, திருவிழா. முதல் நாள், லைனில் ஒரு வீட்டுக்காரர் கையில் விரலி மஞ்சளைக் கோத்த நூலைப் பூசாரி கட்டுவார். அதுதான் காப்பு. தலையில் பரிவட்டமும் அவருக்குத்தான். கட்டிக்கொண்டவர் கறி, மீன் தொடக்கூடாது, தரையில்தான் படுக்கணும், எஸ்டேட் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. கடைசி நாள் பூசாரி சாமி முன்னால், "மனசு நெறஞ்சுதா?" என்று கேட்பார். கட்டியவர், "நெறஞ்சுதுங்க" என்பார். அதன்பிறகுதான் நூலை அவிழ்ப்பது. நான் பார்த்த வரைக்கும் எல்லோரும் யோசிக்காமல் அந்த ஒரு பதிலைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டுவார்கள். வேறு பதில் சொன்னவர் கிடையாது.

காப்பு முறை ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. முதல் வீட்டில் தொடங்கி வரிசையாக வரும். கடைசி வீடு எங்களுடையது. என் அண்ணன் அந்த முறைக்காகக் காத்திருந்தான். "எம் மொறை வரட்டும், பாரு, எட்டு நாளும் மலையே அதிரோணும்" என்று குடித்தாலும் சொல்வான், குடிக்காவிட்டாலும் சொல்வான். முறை வருவதற்குள் செத்துப்போனான். மகன் இல்லை. ஒரே மகள் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். அண்ணிக்கு அடுத்த பழ எடுப்போடு வயதாகி வேலை முடிகிறது. எஸ்டேட் பேரேட்டில் பேர் இல்லாதவருக்கு லைன் வீடு கிடையாது. வீடு போனால் முறையும் போச்சு. ஆக, அண்ணிக்கு அந்த வீடும் அந்த முறையும் சேர்ந்து இருந்தது அந்த ஒரு வருடம்தான்.

அதனால் அவள் விடவில்லை. "எங்கையில கட்டுங்க" என்று கேட்டாள். பொம்பளை கையில காப்பா என்று ஆம்பளைகள் குதித்தார்கள். "ஏனுங்க, பழம் புடுங்கறதுக்குப் பொம்பளை கை ஆவுது, மஞ்சள் கட்டறதுக்கு ஆவாதுங்களா?" என்று கேட்டாள். ஒரு மாதம் சண்டை. பூசாரிக்குச் சோறு போடுகிற அவர் பெண்டாட்டியே அண்ணி பக்கம் சேர்ந்ததும்தான் பூசாரி இறங்கிவந்தார். சரி, கட்டலாம் என்று பேச்சு முடிந்தது. அண்ணி அண்ணனின் வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்தாள். பரிவட்டத்துக்கு அந்த வேட்டியில் ஒரு முழம் கிழித்துத் தரப்போகிறாளாம்.

அந்த நேரத்தில்தான் சின்ன முதலாளியின் யோசனை ரைட்டர் வழியாகக் கீழே இறங்கியது. காப்பை இளவரசர் கையில் கட்ட வேண்டும். அந்தக் கையால் அவர் காபி டம்ளரைப் பிடித்திருப்பதைப் படம் எடுக்க வேண்டும். அந்தப் படம் பாக்கெட்டில் வரும்.

பலா மரத்தடியில் எல்லோரையும் கூட்டி ரைட்டர் பேசினார். எஸ்டேட் கணக்கு எழுதுகிறவர் அவர்; முதலாளி வாயால் சொல்லத் தயங்குவதை எல்லாம் இவர் வாயால் சொல்வார்.

"ஒரு வருசந்தானுங்க. ராசா வமுசத்து ஆளு நம்ம சாமி முன்னால கைய நீட்டறதுன்னாச் சும்மாங்களா? நொம்பப் பெருமைங்க."

நான் ஆம்பளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவராவது வேண்டாம் என்பார் என்று பார்த்தேன். அவர்களுக்கு வந்தது நிம்மதி. பொம்பளை கையில் கட்டாமல் தப்பித்தோம் என்கிற நிம்மதி, வெற்றிலைச்சாறு மாதிரி வாயோரம் வழிந்தது. என் சொந்தச் சனங்களைப் பார்த்து அப்படி அருவருத்தது அன்றைக்குத்தான்.

அண்ணி பூசாரியைப் பிடித்தாள். "ஏனுங்க பூசாரி, காப்புக் கட்டுனவிய எல்லை தாண்டக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க. அந்தாளு மத்தியானமே பொட்டியத் தூக்கீட்டுப் போயிருவாராமா. அதுக்கென்னங்க பண்றது?"

பூசாரி சாமியின் வேலாயுதத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். "எல்லையெல்லாம் நமக்குத்தாம்மா. ராசாவுக்கு ஏது எல்லை? அவியளுக்குப் பூமி பூராவுமே எல்லைதான். எங்க வேணாப் போவட்டும். எட்டு நாளும் நூலு கையில இருக்கோணும், வாயில கறி படக்கூடாது. எட்டாம் நாளு மனசு நெறஞ்சுதுன்னு சொல்லி ஆத்துல உட்டறட்டும்."

ராசாவுக்கு எல்லை இல்லையாம்! எல்லைக்கு வெளியே துரத்தப்பட்ட குடும்பம் அது என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. சொன்னேன். "அதெல்லாம் உனக்குத் தெரியாது கண்ணு, ராசான்னா ராசாதான்" என்றார் பூசாரி. இந்த மலையில் சட்டென்று கும்பிடப் பழகிய கை, யாரைக் கும்பிடுகிறோம் என்று விசாரிப்பதில்லை.

"அரசன நம்பிப் புருசனக் கைவுட்ட கதையாவல்ல இருக்குது?" என்றாள் அண்ணி. "எம் புருசன் மொறைங்க இது. நாங் குடுக்க மாட்டனுங்க."

ரைட்டர் அவளருகே வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "வர்ற வருசம் உங்க கணக்கு முடியுதுங்களே. மொதலாளி மனசு வெச்சா, அதுக்குப் பொறவும் ஊட்லயே இருந்துக்கலாம். மனசு வெக்கற மாதிரி நாமதானுங்க நடந்துக்கோணும்."

அண்ணி லைன் கடைசியில் இருந்த தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டே அறை, அண்ணன் கையால் போட்ட கோழிக்கூடு, கதவோரம் ஒரு ஆரஞ்சு மரம். "எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கஞ்சி போட்ட வேட்டி அப்படியே பெட்டிக்குள் போயிற்று.

இளவரசர் வந்தார். நான் ஒரு பூதத்தை எதிர்பார்த்தேன். அறுபது வயதிருக்கும், ஒல்லியான, களைத்த மனிதர். நல்ல சோப்பு வாசனை. எல்லோரிடமும் மெதுவாகப் பேசினார், என்னிடம்கூட நன்றி சொன்னார். அது என் எரிச்சலைக் கூட்டிற்று. காப்பு என்றால் என்ன, யாருடைய முறை, என்னென்ன செய்யக்கூடாது, எட்டாம் நாள் என்ன சொல்ல வேண்டும் என்று ஒன்று விடாமல் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நெஞ்சில் கைவைத்து, இது தனக்குக் கிடைத்த பெரிய கௌரவம் என்றும், தன் குடும்பத்துக்கு வாக்கின் அருமை தெரியும் என்றும் சொன்னார். நான் அதை மைக்கில் தமிழில் சொன்னேன். சனங்கள் கைதட்டினார்கள்.

பிறகு பட்டங்களை வாசித்தேன். ஒவ்வொரு பட்டத்துக்கும் பையன்கள் விசிலடித்தார்கள், கட்சிக் கூட்டம் தோற்றது. உப்பளங்களின் காவலர் என்றதும் பின்னாலிருந்து ஒரு குடிகாரர் சத்தமாகக் கேட்டார்: "ஏனுங்க, இத்தனை ஊரு வெச்சிருக்கறவரு நம்மூட்டு மொறையவா புடுங்கோணும்?" அவரை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அங்கே புத்தியோடு பேசியது அந்த ஒரு ஆள்தான்.

பூசாரி காப்பைக் கட்டினார். வெளிச்சம் சரியில்லை என்றார் படம் பிடிப்பவர். அவிழ்த்து மறுபடியும் கட்டச் சொன்னார். பூசாரி மறுபடியும் கட்டினார்! சாமிக்கு முன்னால், கட்டிய காப்பை அவிழ்த்து, இன்னொருமுறை, கேமராவுக்கு. சாமியின் வேலாயுதத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாமா என்றார்கள், நகர்த்தினார்கள். டம்ளரில் ஆவி தெரியவில்லை என்று காபியை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். இளவரசர் பொறுமையாக ஒவ்வொரு தடவையும் ஒரே சிரிப்பைச் சிரித்தார். கடைத்தெரு பொம்மைக்குக்கூட அந்தச் சிரிப்பு வலித்திருக்கும்.

அண்ணி கூட்டத்தில் இல்லை. களையெடுக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் பங்களா வராந்தாவில் சாப்பாடு. சமையல்காரரிடம் நான் சொல்லி வைத்தபடி காய்கறிச் சாப்பாடுதான் வந்தது. செயலாளர் அம்மா சமையலறைக்கே வந்து, கோழி இல்லையா என்று கேட்டார். நான் காரணத்தைச் சொன்னேன். "அதெல்லாம் படத்துக்குத்தானே" என்றார். கொஞ்ச நேரத்தில் இளவரசர் கோழித்தொடையை அறுத்துக்கொண்டிருந்தார். கத்தி போகவரப் போகவர மணிக்கட்டில் மஞ்சள் துண்டு தட்டின் குழம்பில் தோய்ந்தது. ஒருமுறை அதைக் கைக்குட்டையால் துடைத்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

அவர்கள் கிளம்பியதும் அறையைச் சுத்தம் செய்யப் போனேன். சூடாகிற கம்மோடு இன்னும் சூடாகவே இருந்தது. குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். சவர நுரை ஒட்டிய தாள், காது குடைந்த பஞ்சு, நரைமுடி, பல்லிடுக்கில் குத்தி எடுத்த கோழி நார், இவற்றோடு காப்பு. கத்தரியால் ஒரே வெட்டு. முடிச்சு அப்படியே இருந்தது.

ஆற்றுக்குப் போகவில்லை. எட்டு நாள் கிடக்கட்டும், எல்லைக்கல் வரைக்கும்கூடப் போகவில்லை. மனிதர் படியிறங்குவதற்கு முன்பே அறுத்துப் போட்டுவிட்டார்.

அந்தச் சூட்டுக் கம்மோடிலேயே வாந்தி எடுத்தேன். அதை நான்தான் கழுவ வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது. கழுவினேன்.

காப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சின்ன முதலாளியின் மேசைமேல் வைத்தேன். அவர் முகம் சுளித்தார். "அவருக்கு நூல் அரிச்சுதாம். படம் முடிஞ்சுது இல்ல? இதை எதுக்கு இங்க வைக்கிறீங்க? குப்பையில போடுங்க" என்றார்.

"குப்பையிலிருந்துதானுங்க எடுத்துட்டு வந்தேன்" என்றேன். வேலை போனால் போகிறது என்று அதைத் தாளில் பொதிந்துகொண்டு நேரே லைனுக்கு இறங்கினேன்.

பலா மரத்தடியில் ஆம்பளைகள் இன்னும் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். தாளைப் பிரித்துக் காட்டினேன். எங்கே கிடந்தது, எதனோடு கிடந்தது, எல்லாம் சொன்னேன். பூசாரி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பாதியில் காப்பு அறுந்தால் தெய்வக்குத்தம். அந்தக் குத்தத்தோடு மிச்ச நாளை யாராவது சுமந்து முடிக்க வேண்டும். சுமப்பவருக்கு என்ன ஆகுமோ தெரியாது. யார் கை நீட்டுவது? ஒருவன் தனக்கு மூட்டுவலி என்றான். ஒருவன் கிளியூரில் மாமனார் ஊட்டுக்குப் போகணும் என்றான். ஒருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

களையெடுத்துவிட்டு அண்ணி அந்த வழியாக வந்தாள். எல்லாக் கண்ணும் அவள் பக்கம் திரும்பிற்று.

"உங்கூட்டு மொறைதானுங்களே" என்றார் பொம்பளை கையில காப்பா என்று முதலில் குதித்த ஆள். த்தூ! வாய்கூசாமல் சொன்னார்.

அண்ணி அறுந்த நூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எங்க கெடந்துது கண்ணு?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் கோணிப்போயிற்று. பிறகு பூசாரியின் தட்டிலிருந்து வேறு மஞ்சளையும் நூலையும் எடுத்தாள். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு தானே தன் கையில் கட்டிக்கொண்டாள். கட்டும்போது பூசாரி மந்திரம் சொல்ல வாய் திறந்தார். "நீங்க சும்மா இருங்க" என்றாள்.

எட்டு நாளும் அவள் குறை வைக்கவில்லை. பரிவட்டம் மட்டும் இல்லை. அது இளவரசர் தலைக்குப் போய், கார் டிக்கியில் ஞாபகப்பொருளாகப் போயிருந்தது. அவளும் வேட்டியை வெளியே எடுக்கவில்லை.

கடைசி நாள் பொங்கல் வைத்து, மணியடித்து, எல்லோரும் கூடி நின்றோம். குத்தம் கழிகிறது என்று ஆம்பளைகள் முகத்தில் மறுபடியும் அந்த நிம்மதி. பூசாரி கேட்டார்: "மனசு நெறஞ்சுதா?"

"இல்லீங்க" என்றாள் அண்ணி.

பூசாரி மறுபடியும் கேட்டார். அண்ணி மறுபடியும் இல்லீங்க என்றாள். நெறஞ்சுது என்று சொல்லாத கையிலிருந்து நூலை அவிழ்க்க வழி இல்லை. வலுவில் அவிழ்த்தால் இளவரசர் செய்ததுதான். "அப்ப நெறையறப்ப வந்து அவுத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, பொங்கலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கோபத்தில் செய்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த வருடம் மழை முன்னப்பின்ன ஆனது, கிணற்றடிக்குக் காட்டெருமை வந்து நின்றது, மோட்டார் புகைந்தது. எல்லாம் இளவரசர் கணக்கில் ஏறிற்று. அண்ணி கையைப் பார்க்கும்போதெல்லாம் லைனில் பயமும் மரியாதையும் சேர்ந்து வளர்ந்தது. அவள் மட்டும் வழக்கம்போலப் பழம் எடுத்தாள், சண்டை போட்டாள், தரையில் படுத்தாள்.

அடுத்த பழ எடுப்பு வந்தது. பாதியிலேயே அவளுக்கு வயது ஆகிவிட்டது, கணக்கு முடித்தார்கள். மறுநாளே ரைட்டர் லைனுக்கு வந்தார். முதலாளி மனசு வைப்பார் என்று சொன்ன அதே வாயால், "ஊட்டைக் காலி பண்ணோணுங்க" என்றார். அந்த வரிசையை இடித்துவிட்டு விருந்தினருக்குக் குடில் கட்டப்போகிறார்களாம், கடைசி வீட்டிலிருந்து தொடங்கி.

நான் அங்கேதான் இருந்தேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக்கையை அப்படியே தூக்கிக் காட்டினாள். மஞ்சள் கறுத்துப்போய் வற்றி இருந்தது.

"பண்றனுங்க. ஆனா காப்புக் கட்டியிருக்கறனுங்களே. எல்லை தாண்டக் கூடாது. ராசாவுக்குத்தானுங்க எல்லை இல்ல, எனக்கு உண்டுங்களே. இதுக்குள்ளாற வேற ஊடு எங்க இருக்குதுன்னு மொதலாளியக் கேட்டுச் சொல்லுங்க, போய்க்கறன்."

ரைட்டர் சிரித்தார். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்ததும் சிரிப்பை நிறுத்தினார். ஆம்பளைகளும் வந்தார்கள். காப்புக்காரியை எல்லைக்கு வெளியே தள்ளினால் பழம் எடுக்க ஒரு கை வராது என்று சொன்னது யார் தெரியுமா? மூட்டுவலிக்காரன்! பக்தியில்லை, பயம்தான். ஒரு குத்தம் போதும் அவர்களுக்கு, இரண்டாவதைத் தாங்கமாட்டார்கள். மரத்தில் பழம் சிவந்து நின்றது. சின்ன முதலாளியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இது சும்மா கிடைத்தது என்று நினைக்காதீர்கள். மகள் வயிற்றுப் பேத்திக்குத் திருப்பூரில் காது குத்தினார்கள். அண்ணி போகவில்லை. என் போனில் பார்த்தாள். குழந்தை வீறிட்டதும் திரைமேல் கையை வைத்தாள், படம் நகர்ந்து போய்விட்டது, "எங்க போச்சு, எங்க போச்சு" என்று பதறினாள். கருவாடு என்றால் உயிரை விடுகிறவள் அவள். பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு, "அந்த வாசம் வந்தாத்தான் கண்ணு எனக்கு ராசா மேல கோவமே வருது" என்பாள். அவள் சிரிப்பாள். என்னால் சிரிக்க முடிவதில்லை.

காபி பாக்கெட் போன மாதம் கடைக்கு வந்துவிட்டது. சுற்றுலாக்காரர்கள் கூடும் ஏரிக்கரைக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இளவரசர் டம்ளரைப் பிடித்துச் சிரிக்கிறார். கீழே பொன்னிற எழுத்தில் பட்டங்கள் அத்தனையும். மணிக்கட்டில் காப்பு, பளிச்சென்று, புதுமஞ்சள். மலைத்தெய்வம் தன் கையால் கட்டிய ஆசி என்று பின்பக்கம் எழுதியிருக்கிறது. அதை நான் எந்தக் கூடையிலிருந்து எடுத்தேன் என்று எழுதவில்லை. பங்களாவின் ஒவ்வொரு அறையிலும் ஒரு பாக்கெட் வைக்க வேண்டும். வைக்கிறேன். வைத்துவிட்டுச் செடிப்பக்கம் போய்த் துப்பிவிட்டு வருகிறேன்.

அண்ணி ஒன்று கொண்டுவரச் சொன்னாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "வெள்ளைக் கையில மஞ்ச எடுப்பாத்தான் இருக்குது" என்றாள். உள்ளே இருந்த பொடியை ஒரு டப்பாவில் கொட்டிவிட்டு, பாக்கெட்டைக் கோழிக்கூட்டின் ஓட்டையில் திணித்தாள்.

அந்த நேரத்தில் பூசாரி வந்தார். ஒவ்வோர் அமாவாசையும் வருகிறார், பாவம், அவருக்கும் தூக்கம் இல்லை. வாசலில் நின்றபடியே, உள்ளே வராமல், கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"மனசு நெறஞ்சுதாம்மா?"

அண்ணி கோழிக்கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஊட்டை எம் பேருக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க பூசாரி," என்றாள், "அன்னைக்கு நெறையும்."